ஏக்கம் இருக்கிறது, ஜெபம் வரவில்லை: ஆண்டவரைத் தேடும் தாகத்தோடு எப்படி ஜெபிப்பது?

கேள்வி: நெல்லைச் சகோதரி

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்து, ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இரவுதோறும் குடும்ப ஜெபம் உண்டு. காலையில் வேதம் வாசிப்பதும், குறிப்பேட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறவர்களுக்காக வேண்டிக்கொள்வதும் இன்றுவரை நின்றதில்லை. ஜெபப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது என்று நான் கேட்கவில்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

சில காலமாக என் உள்ளத்தில் ஓர் ஏக்கம் குடிகொண்டிருக்கிறது. வேலையிலோ குடும்பத்திலோ குறிப்பிட்டுச் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. எனக்கு என்னதான் வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தால், ஆண்டவரே வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை. ஆராதனையில் 42ஆம் சங்கீதம் வாசிக்கப்பட்டால் கண் கலங்கிவிடுகிறது. ஆனால் அதே ஏக்கத்தோடு வீட்டில் முழங்கால்படியிட்டால், விண்ணப்பங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. அதன்பின் சொல்ல ஒன்றும் இல்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை. யாருக்காக ஏங்கினேனோ அவர் அந்த அறையில் மட்டும் இல்லாததுபோலத் தோன்றுகிறது. எழுந்து வேலையைப் பார்க்கத் தொடங்கியதும் ஏக்கம் மறுபடியும் வந்துவிடுகிறது.

சபையில் பெரியவர் ஒருவர் உபவாசித்து ஜெபிக்கச் சொன்னார். தோழி ஒருத்தி, அறிக்கை செய்யாத பாவம் ஏதேனும் இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னாள். இரண்டையும் உண்மையான மனதோடு செய்தேன். இரண்டினாலும் நன்மை உண்டாயிற்று. ஆனாலும் நான் சொன்ன நிலை மாறவில்லை. இந்த ஏக்கமே ஜெபம்தானா, அல்லது ஜெபத்துக்கு முன்னால் வந்துபோகிற வெறும் உணர்ச்சியா? ஜெபித்த பின்னும் அது தணியாவிட்டால், என் ஜெபத்தில் ஏதோ தவறு இருக்கிறது என்று கொள்ளவேண்டுமா? சொல் வராத நேரத்திலும் அங்கேயே காத்திருப்பதில் பயன் உண்டா? இந்த வழியில் நடந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

மறுமொழி: பாளை ஆசிரியர்

அன்புச் சகோதரி, உங்களைக் கலங்கச் செய்த அந்தச் சங்கீதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதைப் பாடியவரும் நீங்கள் சொல்லும் இடத்தில்தான் நின்றார். அவர் எருசலேமின் ஆலயத்துக்குத் தொலைவில், யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைகளிலும் இருந்துகொண்டு பாடுகிறார். பண்டிகை கொண்டாடுகிற ஜனங்களோடு கூடத் தேவாலயத்துக்குப் போய்வந்த நாட்களை நினைத்து உருகுகிறார். உன் தேவன் எங்கே என்று சுற்றியிருப்பவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். 43ஆம் சங்கீதத்தையும் இதன் தொடர்ச்சியாகவே படிக்கவேண்டும், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற அடி இரண்டிலுமாக மூன்று முறை வருகிறது. மூன்றாம் முறை வரும்போதும் அவர் எருசலேமுக்குத் திரும்பிவிட்டதாகப் பாட்டில் இல்லை, கலக்கமும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆகையால் ஏக்கம் தணியாத ஜெபம் தவறிப்போன ஜெபம் என்று சொல்வோமானால், இந்தச் சங்கீதத்தையே வேதாகமத்திலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும்.

ஆனால் அவர் ஏங்குவதோடு நின்றுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் வசனத்தில் தேவனைக் குறித்துப் பேசுகிறார். நான் எப்பொழுது அவருடைய சந்நிதியில் வந்து நிற்பேன் என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார். பின்பு தம் ஆத்துமாவோடு பேசுகிறார். அதன்பின், "ஏன் என்னை மறந்தீர்?" என்று தேவனிடமே கேட்டுவிடுகிறார். ஏக்கம் ஜெபமாக மாறுவது இந்த இடத்தில்தான் என்று நான் எண்ணுகிறேன். ஏக்கத்தைக் குறித்து நாம் உள்ளுக்குள் எவ்வளவு நேரம் சிந்தித்துக்கொண்டிருந்தாலும் அது நம்மோடு நாம் நடத்தும் உரையாடல்தான். நீர் தூரமாயிருக்கிறதாக எனக்குத் தோன்றுகிறது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால், அது குறையாக இருந்தாலும் ஜெபம்தான். உங்கள் விண்ணப்பங்கள் தீர்ந்துபோகும் இடத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எங்களுக்கு எழுதியதையே அங்கே அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரப் பேராயராக இருந்த அகஸ்டின் நேராகவே விடை தந்திருக்கிறார். "ஆண்டவரே, என் ஏங்கலெல்லாம் உமக்கு முன்பாக இருக்கிறது" என்ற 38ஆம் சங்கீத வசனத்தைப் பிரசங்கிக்கும்போது, உன் ஏக்கமே உன் ஜெபம், ஏக்கம் இடைவிடாததாக இருந்தால் ஜெபமும் இடைவிடாததாக இருக்கிறது என்று அவர் போதிக்கிறார். இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எப்படிக் கைக்கொள்வது என்ற கேள்விக்கு, எந்நேரமும் முழங்காலில் நிற்க யாராலும் இயலாது, எந்நேரமும் ஏங்க இயலும் என்பதே அவருடைய விடை.

அப்படியானால் குறித்த நேரத்தில் அமர்ந்து, சொற்களைக் கொண்டு ஜெபிப்பது எதற்கு? இதே கேள்வி புரோபா என்ற விதவையின் பொருட்டும் எழுந்தது. 410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்கு வந்து தங்கிய, செல்வமும் செல்வாக்கும் மிகுந்த குடும்பத்துப் பெண்மணி அவர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு அகஸ்டின் நீண்டதொரு கடிதம் எழுதினார். நமக்கு வேண்டியவற்றைத் தேவன் ஏற்கெனவே அறிந்திருக்கிறார், அவருக்குத் தெரிவிப்பதற்காக நாம் ஜெபிக்கவில்லை. அவர் தரவிருப்பது மிகப் பெரியது, அதைப் பெற்றுக்கொள்ள நம் உள்ளம் சிறியதாக இருக்கிறது. ஏங்கி ஏங்கித்தான் அது விரிவடைகிறது என்று அதில் விளக்குகிறார். அன்றாடக் கவலைகளினால் ஏக்கம் ஆறிப்போய்விடக் கூடும் என்பதனால், நாம் குறித்த வேளைகளில் சொற்களைக்கொண்டு அதை மறுபடியும் தூண்டிக்கொள்கிறோம் என்கிறார். ஆகவே, ஜெபம் ஏக்கத்தைத் தீர்த்துவைக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், அந்த எதிர்பார்ப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஜெப வேளைக்குப் பின் ஏக்கம் கூடுகிறதென்றால், ஜெபம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே நான் சொல்வேன்.

"என் முகத்தைத் தேடுங்கள் என்று சொன்னீரே, உம்முடைய முகத்தையே தேடுவேன் கர்த்தாவே" என்று 27ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். தேடும்படி முதலில் அழைத்தவர் அவர். உங்கள் ஏக்கம் அந்த அழைப்பு உங்கள் உள்ளத்தில் கேட்டதற்கு அடையாளம். நீங்கள் முழங்கால்படியிடுவது அதற்குக் கொடுக்கும் மறுமொழி.

மறுமொழி: திருச்சி வாசகி

ஆசிரியர் ஐயா எழுதியதை மிகுந்த மகிழ்ச்சியோடு வாசித்தேன். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். சகோதரி கேட்ட மூன்றாவது கேள்விக்கு, அதாவது சொல் வராதபோதும் அங்கேயே காத்திருக்கவேண்டுமா என்பதற்கு, எங்கள் மரபிலிருந்து இருவரைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

முதலாமவர் அவிலா நகரப் புனித தெரேசா. 1515இல் ஸ்பெயினில் பிறந்து 1582இல் மறைந்தவர். செபத்தைக் குறித்து இவ்வளவு விரிவாக எழுதிய அவரே, சில ஆண்டுகள் செப நேரத்தில் தமக்கு இருந்த ஒரே ஆவல் மணி எப்போது அடிக்கும் என்பதுதான் என்று மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். செபக்கூடத்துக்குள் நுழையும்போதே மனம் சோர்ந்துவிடுமாம். ஏறத்தாழ 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபிக்க அமர அவருக்குத் துணிவு வரவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்; சில நாட்களில் சிறிது வாசிப்பார், சில நாட்களில் நிறைய வாசிப்பார். சகோதரி தம் அறையில் சந்திக்கும் வெறுமை செபத்தில் வளராதவர்களுக்கு மட்டும் வருவதன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

செபத்தின் வளர்ச்சியை அவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். கிணற்றிலிருந்து வாளியால் இறைப்பது ஒன்று. சக்கரம் சுற்றி இறைப்பது ஒன்று. ஆற்று நீரைத் திருப்பிவிடுவது ஒன்று. மழை பெய்வது ஒன்று. முதலில் எல்லாம் நம் உழைப்பு, கடைசியில் எல்லாம் இறைவனுடைய செயல். கிணறு வற்றிக் கிடக்கும் நாட்களைப் பற்றி அவர் சொல்வதுதான் சகோதரிக்கு மிகவும் உதவும் என்று நினைக்கிறேன். தோட்டம் நமது அன்று, அரசருடையது. நாம் அவரை மகிழ்விக்க வந்த தோட்டக்காரர்களேயன்றி நம் மகிழ்ச்சியைத் தேடி வந்தவர்கள் அல்லர். ஆகவே வாளியை இறக்கி வெறுமையாக ஏற்றினாலும் அந்த உழைப்பை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிறார்.

இரண்டாமவர் அவருடைய உடன் உழைப்பாளரான சிலுவை யோவான். தம் துறவற சபையைச் சேர்ந்தவர்களாலேயே 1577 டிசம்பரில் பிடிக்கப்பட்டு, 1578 ஆகஸ்டில் தப்பிக்கும்வரை டொலேடோ நகரில் இருண்ட சிறு அறையில் அடைபட்டிருந்தார். அன்பரே, எங்கே ஒளிந்துகொண்டீர் என்று தொடங்கும் அவருடைய பாடலின் பெரும்பகுதி அந்த அறையில்தான் பிறந்தது. செபத்தில் வரும் வறட்சி இறைவன் அனுமதித்ததா, அல்லது நம் அசட்டையினால் வந்ததா என்று பிரித்தறிய அவர் மூன்று அடையாளங்களைத் தருகிறார். இறைக் காரியங்களில் இன்பம் இல்லாமற்போனதுபோல மற்றப் பொருள்களிலும் இன்பம் இல்லாதிருத்தல். இறைவனுக்கு ஏற்றபடி வாழவில்லையே என்ற வேதனை நிறைந்த அக்கறை உள்ளத்தில் நிலைத்திருத்தல். முன்போலக் கற்பனையாலும் சிந்தனையாலும் தியானிக்க இயலாமை. அசட்டையுள்ளவருக்கு இரண்டாவது அடையாளம் இருக்காது, அவர் வருந்தவே மாட்டார். சகோதரியின் கடிதம் முழுவதும் அந்த அக்கறைதான் தெரிகிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனச்சோர்வும் இதனுடன் கலந்திருக்கக் கூடும் என்பதை அந்தக் காலத்திலேயே சிலுவை யோவான் அறிந்திருந்தார். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை தொடர்ந்து இருந்தால் மருத்துவரையும் பார்க்கவேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது. செபத்தினால் மட்டுமே அதைச் சரிசெய்துவிடலாம் என்று ஒருவரிடம் சொல்வது அவருக்குப் பெருந்தீங்கு செய்வதாகும்.

மறுமொழி: எழுப்புதல் வாஞ்சை

கர்த்தருடைய நாமத்துக்கு மகிமை உண்டாவதாக. மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் என் மனதில் உள்ள பாரத்தைச் சொல்லவேண்டும். வறட்சியும் நல்லதே, ஏக்கம் தீராமலிருப்பதே ஜெபத்தின் பலன் என்று போதித்தால், ஆவியில் குளிர்ந்துபோனவர்கள் அதையே காரணமாகக் காட்டி அந்த நிலையிலேயே நின்றுவிடுவார்கள். ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள் திருப்தியடைவார்கள் என்று வாக்குக் கொடுத்தார். சமாரியப் பெண்ணிடம், தாம் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு ஒருக்காலும் தாகமுண்டாகாது என்றார். கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள் என்று சொன்னவர், பரம பிதா தம்மிடத்தில் கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பது அதிக நிச்சயம் என்று அதே இடத்தில் முடிக்கிறார். தாகம் இருந்தால் தண்ணீர் கிடைக்கும்வரை கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் சகோதரி கவனிக்கவேண்டும். நீங்கள் தனிமையில் நடப்பதை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். மேல்வீட்டறையில் ஏறக்குறைய 120 பேர் ஒருமனப்பட்டு ஜெபத்திலே தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகளில் வாசிக்கிறோம். அவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் வீட்டில் காத்திருக்கவில்லை. உங்களைப்போல் வாஞ்சையுள்ள இரண்டு மூன்று சகோதரிகளோடு சேர்ந்து, விண்ணப்பப் பட்டியல் எதுவும் இல்லாமல், ஆண்டவருடைய சமுகத்தை மட்டும் தேடி ஜெபித்துப் பாருங்கள்.

மறுமொழி: பாளை ஆசிரியர்

சகோதரர் கடைசியாகச் சொன்ன ஆலோசனையை மனமார ஏற்கிறேன். நான் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லிவிட்டார். 42ஆம் சங்கீதக்காரரும் ஜனக்கூட்டத்தோடு நடந்ததைத்தான் நினைத்து நினைத்து அழுதார்.

திருப்தியையும் தாகத்தையும் எதிரெதிராக வைப்பதில் மட்டும் நான் வேறுபடுகிறேன். மோசேயைப் பாருங்கள். ஒருவன் தன் சிநேகிதனோடே பேசுவதுபோல, கர்த்தர் மோசேயோடே முகமுகமாய்ப் பேசினார் என்று யாத்திராகமம் 33ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் சொல்கிறது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அதே அதிகாரத்தில் 18ஆம் வசனத்துக்கு வந்தால், "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று அவர் கெஞ்சுகிறார். கிடைக்கப்பெறாதவருடைய கெஞ்சுதல் அன்று இது. நிறைவாகப் பெற்றவருடைய கெஞ்சுதல். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டு நிசா நகரப் பேராயராக இருந்த கிரகோரி இந்தப் பகுதியை நெடுநாள் தியானித்து, தேவனைக் காண்பது என்பதே அவரைக் காணும் ஆவல் ஒருபோதும் தெவிட்டாதிருப்பதுதான் என்று எழுதினார். பவுலும், கிறிஸ்துவினால் பிடிக்கப்பட்டவராயிருந்தும், அடைந்தாயிற்று என்று சொல்லாமல் ஆசையாய்த் தொடருகிறேன் என்றுதான் பிலிப்பியருக்கு எழுதுகிறார். சமாரியப் பெண்ணுக்கு ஆண்டவர் வாக்களித்த தண்ணீரும் உள்ளே ஊறுகிற நீரூற்று. ஊற்று ஒருமுறை குடித்து முடித்துவிடும் பொருள் அன்று. உலகத்தார் பல இடங்களில் தேடியலையும் தாகம் அவரிடத்தில் தீர்ந்துபோகிறது. அவர்மேலுள்ள தாகமோ அவரைப் பெறப்பெற வளர்கிறது. குளிர்ந்துபோனவர் இதில் சாக்கு தேட இடமில்லை, ஏனெனில் குளிர்ந்துபோனவருக்குத் தாகமே இராது.

கேட்டவர்: நெல்லைச் சகோதரி

ஐயாவுக்கும் சகோதரிக்கும் சகோதரருக்கும் உளமார்ந்த நன்றி. என் ஜெபத்தில் ஏதோ உடைந்திருக்கிறது என்ற பயம் இப்போது பெரிதும் விலகியிருக்கிறது. தூக்கமும் உணவும் நன்றாகவே இருக்கின்றன. அதைக் குறித்துக் கவலை வேண்டாம். எங்கள் தெருவில் உள்ள இரண்டு சகோதரிகளிடம் சேர்ந்து ஜெபிப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நடைமுறையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். விண்ணப்பங்கள் முடிந்தபின் உள்ள அந்த அமைதியில் மனம் சமையலறைக்கும் அலுவலகத்துக்கும் ஓடிவிடுகிறது. மனதைப் பிடித்து நிறுத்த எதையாவது பற்றிக்கொள்ளலாமா? ஒன்றும் நிகழாத நாளில் எதைச் சொல்லி ஜெபத்தை முடிப்பது?

மறுமொழி: திருச்சி வாசகி

பற்றிக்கொள்ளலாம், சகோதரி. எகிப்தின் பாலைவனத் துறவிகள் அதைத்தான் செய்தார்கள். அவர்களிடம் சென்று கற்றுப் பின்னர் மர்சேய் நகரில் துறவு மடங்கள் அமைத்த யோவான் காசியான், ஈசாக் என்ற முதியவர் தமக்குக் கற்பித்ததைப் பதிவு செய்திருக்கிறார். மகிழ்ச்சியிலும் சோர்விலும், உண்ணும்போதும் உறங்கப்போகும்போதும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்படி அவர் கற்பித்தார். உங்கள் வேதாகமத்தில் அது 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்." நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் திருப்புகழ்மாலை என்ற செபத்தை நாங்கள் இன்றும் இந்த வேண்டுதலோடுதான் தொடங்குகிறோம். கீழைத் திருச்சபையினர், ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும் என்பதை மூச்சோடு மூச்சாகச் சொல்கிறார்கள். எரிகோ சாலையோரத்தில் பர்திமேயு கூப்பிட்ட குரலும், ஆலயத்தில் தூர நின்ற ஆயக்காரனுடைய வேண்டுதலும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நாள்தோறும் அதையே சொல்லுங்கள், அடிக்கடி மாற்ற வேண்டாம். மனம் ஓடினால் வருந்திக்கொண்டிராமல் அந்தச் சொல்லுக்கே திரும்பி வாருங்கள். எத்தனை முறை ஓடினாலும் அத்தனை முறை திரும்பி வருவதுதான் அந்த நேரத்துக்குரிய செபம்.

மறுமொழி: பாளை ஆசிரியர்

சகோதரி சொன்னதோடு நம் ஊர்ச் செல்வம் ஒன்றையும் சேர்க்கிறேன். 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ணபிள்ளை, தாம் சிறுவயது முதல் அறிந்திருந்த பக்திப் பாடல் மரபின் உருக்கத்தையெல்லாம் கிறிஸ்துவின் பாதத்தில் வைத்துப் பாடியவர். சொந்தச் சொல் வறண்டுபோகும் நாட்களில் அவருடைய பாடல்களில் ஒன்றையோ, உங்களுக்கு மனப்பாடமான கீர்த்தனை ஒன்றையோ மெல்லிய குரலில் பாடுங்கள். நம்மைவிட நன்றாக ஏங்கத் தெரிந்தவர்களுடைய சொற்களை இரவல் வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. சங்கீதங்கள் நமக்குக் கொடுக்கப்பட்டதே அதற்காகத்தான்.

முடிப்பதற்கு ஆண்டவர் கற்பித்த ஜெபமே போதும். நாம் சரியாக ஜெபித்தால், எந்தச் சொற்களைப் பயன்படுத்தினாலும், அந்த ஜெபத்தில் அடங்காத எதையும் கேட்கமாட்டோம் என்று அகஸ்டின் புரோபாவுக்கு அதே கடிதத்தில் எழுதினார். ஆனால் வழக்கம்போல் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற இடத்தில் சற்று நின்று, உங்கள் ஏக்கத்தையும், உங்கள் குறிப்பேட்டில் உள்ளவர்களுடைய கண்ணீரையும் அந்த வேண்டுதலுக்குள் வையுங்கள். நீங்கள் இத்தனை நாளும் செய்துவந்த பரிந்துரை ஜெபமும் இந்தத் தாகமும் அங்கே ஒரே விண்ணப்பமாகிவிடும். ரோமர் 8ஆம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள். சிருஷ்டியும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று நாம் அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் அங்கே எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரிகளோடு நீங்கள் கூடும் முதல் நாளில் அந்த அதிகாரத்தையே சேர்ந்து வாசிக்கலாம்.